ஸ்காபரோ வீட்டுக் கூரைக்கு எந்த அன்ரனா? மாதக் கட்டணம் இல்லாமல் ரிவி பார்க்க ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து யார் வந்தாலும் நாங்கள் முதலில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவது சி.என். கோபுரத்தைத்தான். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, படம் எடுத்து, மேலே ஏற ரிக்கற் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவோம். ஆனால் அந்தக் கோபுரம் சுற்றுலாவுக்காகக் கட்டப்பட்டதல்ல. ரொறன்ரோ நகர மையத்தில் உயரமான கட்டடங்கள் எழும்பி ரிவி, ரேடியோ அலைகளை மறிக்கத் தொடங்கியதால், எல்லாவற்றுக்கும் மேலே நின்று ஒளிபரப்ப எழுப்பியது அது. 1976இல் திறந்தார்கள். உயரம் 553 மீற்றர். அதன் உச்சியிலிருந்து இன்றைக்கும் எட்டு ரிவி சனல்கள் இலவசமாக வந்து உங்கள் கூரையில் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன.

அவற்றைப் பிடிக்க ஒரு அன்ரனா போதும். எந்த அன்ரனா என்பதில்தான் ஆக்கள் காசை வீணாக்குகிறார்கள். நானும் வீணாக்கினேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

என்ன வரும், என்ன வராது

சி.என். கோபுரத்திலிருந்து வருபவை: 5.1 சி.பி.சி, 9.1 சி.ரி.வி, 19.1 ரி.வி.ஓ, 25.1 பிரெஞ்சு மொழியில் ரேடியோ கனடா, 40.1இலும் 47.1இலும் ஓம்னி, 41.1 குளோபல், 57.1 சிற்றி. ஹமில்ரன் பக்கமிருந்து 11.1, 36.1 என்று இன்னும் இரண்டு. அப்புறம் ஒன்ராறியோ ஏரிக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து நிலையங்கள்: 2.1 என்.பி.சி, 4.1 சி.பி.எஸ், 7.1 ஏ.பி.சி, 17.1 பி.பி.எஸ், 29.1 ஃபொக்ஸ். இவை ஒவ்வொன்றுக்கும் 2.2, 2.3 என்று வால் பிடித்த துணைச் சனல்களும் உண்டு. பழைய படங்கள், பழைய தொடர்கள் ஓடுகிற இடம் அதுதான்.

சன், விஜய் போன்றவை இதில் வராது. வீட்டில் அம்மாவுக்கு மாலைத் தொடர் வேண்டும் என்றால் அதற்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு, பிள்ளைகள் நிகழ்ச்சி போடும் 19.1உம் 17.1உம் மட்டுமே செலவுக்குக் கணக்காகிவிடும். கேபிளில் ஆகக் குறைந்த அடிப்படைத் தொகுப்புக்கு 25 டொலருக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2016 மார்ச்சிலிருந்து விதி இருக்கிறது. அதிலேயே வருடத்துக்கு 300 டொலர் போகும், பெட்டி வாடகையும் வரியும் வேறு. நல்ல கூரை அன்ரனா ஒன்று 100, 150 டொலருக்குள் முடியும்.

ரிவியையும் ஒருமுறை பாருங்கள். கனடாவில் 2011 ஓகஸ்ட் 31உடன் பெரிய நகரங்களில் பழைய அனலொக் ஒளிபரப்பு நின்றுவிட்டது. இப்போது வருவது ஏ.ரி.எஸ்.சி என்ற வட அமெரிக்க டிஜிற்றல் முறை. இங்கே கடையில் வாங்கிய ரிவி என்றால் அந்த அலையைச் சனலாக மாற்றும் ரியூனர் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். பின்பக்கத்தில் கேபிள் திருகும் மரையுள்ள ஒற்றைக் குழாய் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். லண்டனிலிருந்து மாமா கொண்டுவந்து தந்த டிஜிற்றல் பொக்ஸ் இங்கே வேலை செய்யாது. அது ஐரோப்பிய முறை. ஊரிலிருந்து கொண்டுவந்த ரிவிக்கும் அதே கதைதான், ஏ.ரி.எஸ்.சி ரியூனர் பெட்டி ஒன்று தனியாக வாங்க வேண்டும்.

முதல் வேலை திசை பார்ப்பது

கடைக்குப் போக முன் கணினியில் உட்காருங்கள். ராபிற்இயர்ஸ் என்றொரு இணையத்தளம் இருக்கிறது. அதிலுள்ள சிக்னல் தேடும் வரைபடத்தில் உங்கள் வீட்டு இடத்தையும் அன்ரனா நிற்கப்போகும் உயரத்தையும் கொடுத்தால் எந்த நிலையம், எத்தனை கிலோமீற்றரில், எந்தப் பாகையில் (வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180 என்று சுற்றும் கணக்கு), எவ்வளவு பலத்தோடு வருகிறது என்று வரிசையாகத் தரும். கனடா முகவரிகளுக்கும் வேலை செய்யும். பலத்தை டெசிபெல் என்ற அளவில் காட்டும். எண் பெரிதாக இருந்தால் சின்ன அன்ரனாவும் பிடிக்கும். சுழியத்துக்குப் பக்கத்தில் வந்தால் உயரமும் பெரிய அன்ரனாவும் வேண்டும். அதற்கும் நன்றாகக் கீழே போயிருந்தால் அந்தச் சனலை மறந்துவிடுங்கள்.

ஸ்காபரோ ரவுன் சென்ரர் பக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து சி.என். கோபுரம் தென்மேற்கே 18 கிலோமீற்றர், ஏறக்குறைய 215 பாகை. பஃபலோ நிலையங்களில் சில நயாகரா ஆற்றின் நடுவே உள்ள கிராண்ட் ஐலன்டிலிருந்து வருகின்றன. அது சுமார் 87 கிலோமீற்றர், தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே சரிந்து 163 பாகை. 4.1உம் 7.1உம் இன்னும் தள்ளி கோல்டன் என்ற ஊரின் மேட்டிலிருந்து வருபவை. அது 130 கிலோமீற்றருக்கு மேல், 157 பாகை. அதாவது ஸ்காபரோக்காரருக்கு ரொறன்ரோவும் பஃபலோவும் 50 பாகைக்கு மேல் விலகி நிற்கின்றன. மார்க்கம் நகருக்குப் போனால் இந்த இடைவெளி 40 பாகைக்குள் சுருங்கும். மிஸிஸாகாவில் 60ஐத் தாண்டும். ஒரே அன்ரனா ஸ்காபரோவில் உங்கள் மச்சானுக்கு நன்றாக வேலை செய்து, மிஸிஸாகாவில் உங்களுக்குச் சரிவராமல் போவதற்குக் காரணம் இதுதான்.

போனில் உள்ள திசைகாட்டியைப் பயன்படுத்தினால் அமைப்பில் போய் உண்மை வடக்கு என்பதைத் தெரிவுசெய்யுங்கள். ரொறன்ரோவில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் சுமார் 10 பாகை வித்தியாசம். சின்ன அன்ரனாவுக்கு அது பொருட்டில்லை, பெரியதுக்கு அதுவே சனல் வருவதற்கும் வராததற்கும் உள்ள தூரம்.

பெட்டியில் எழுதியிருக்கும் மைல் கணக்கு

இப்போது என் கதை. இணையத்தில் ஒரு கடையில் 200 மைல் பிடிக்கும் என்று போட்டு, ரிமோற்றில் சுற்றும் மோட்டரோடு 60 டொலருக்கு ஒன்று விற்றார்கள். உள்ளே அலையைப் பெருக்கும் அம்பிளிஃபயரும் இருந்தது. வாங்கிப் பூட்டினேன். கோபுரம் கண்ணுக்குத் தெரியாத குறைதான், அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் 5.1உம் 41.1உம் விட்டுவிட்டு வந்தன. முதல் குளிர்காலத்தில் மோட்டர் உறைந்து, வடக்கே ஒரு பூங்காவைப் பார்த்தபடி நின்றுவிட்டது.

200 மைல் என்பது 320 கிலோமீற்றர். பூமி உருண்டை, ரிவி அலையோ கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. சாதாரண வீட்டுக் கூரையில் 60, 70 மைலைத் தாண்டினால் பூமியின் வளைவே மறித்துவிடும். கோல்டன் போல மேட்டில் உயரமான கோபுரம் நின்றால் கொஞ்சம் கூடுதலாக எட்டும், அவ்வளவுதான். ஆகவே பெட்டியில் மைலைப் பார்க்காமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள். எந்த அலைவரிசைகளுக்கு உரியது, எவ்வளவு அகலமாகப் பார்க்கிறது, உலோகம் எவ்வளவு தடிப்பு.

அலைவரிசை விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் ரொறன்ரோவில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். திரையில் தெரியும் எண்ணும் காற்றில் வரும் எண்ணும் ஒன்றல்ல. 2.1, 4.1, 5.1, 7.1 என்று காட்டுபவை எல்லாம் பழைய எண்ணைப் பெயராக வைத்துக்கொண்டு உண்மையில் யூ.எச்.எஃப் பட்டையில் வருகின்றன. அது 470 முதல் 608 மெகாஹேர்ட்ஸ் வரை. அலையின் நீளம் அரை மீற்றர் அளவு, அதைப் பிடிக்கும் கம்பி ஒரு சாண், ஒன்றரைச் சாண் இருந்தால் போதும். விதிவிலக்கு 9.1. சி.ரி.வி மட்டும் இன்னும் வி.எச்.எஃப் பட்டையின் மேல் பகுதியில், 200 மெகாஹேர்ட்ஸுக்கும் கீழே வருகிறது. அதன் அலை ஒன்றரை மீற்றருக்கு மேல். அதைச் சரியாகப் பிடிக்க 80 சென்ரிமீற்றர் அளவு கம்பி வேண்டும், நீட்டிய கை அளவு. கடையில் தொங்கும் அன்ரனாவில் அந்த நீளத்தில் ஒரு கம்பிகூட இல்லை என்றால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் 9.1 அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இனி வகைகள். வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி வி வடிவக் கம்பிகள் வரிசையாக இருக்க, பின்னால் வலைத்தட்டி உள்ள அன்ரனாவைப் பார்த்திருப்பீர்கள். நான்கு வரிசை இருந்தால் நாலு பே, எட்டு இருந்தால் எட்டு பே என்பார்கள். நாலு பே ஏறக்குறைய 60 பாகை அகலத்துக்குப் பார்க்கும். எட்டு பே கூடுதல் தூரம் எட்டும், ஆனால் பார்வை பாதியாகக் குறுகும். மீன்முள் மாதிரி நீண்ட கம்பியில் குறுக்குக் கம்பிகள் உள்ளது யாகி. ஊரில் தூரதர்ஷன் பிடிக்கப் பைப்பில் ஏற்றிக் கட்டினோமே, அந்தக் குடும்பம். ஒரே திசையைக் குறுகலாகப் பார்க்கும். கடதாசி மாதிரி யன்னலில் ஒட்டும் தட்டை அன்ரனாக்களும் உண்டு, கூரைக்கு அவை தேவையில்லை.

என் தெரிவைக் கேட்டால்: ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கம் தனி வீட்டுக்கு நாலு பே. அதைக் கோபுரத்தைப் பார்த்துத் திருப்பாமல் பஃபலோவைப் பார்த்துத் திருப்புங்கள். கோபுரத்து அலை அவ்வளவு பலம் என்பதால் பக்கவாட்டிலிருந்தும் உள்ளே வந்துவிடும், பலவீனமான பஃபலோவுக்குத்தான் முகம் தேவை. பலருக்கு 9.1கூட இதிலேயே வந்துவிடும். வராவிட்டால் 30, 40 டொலரில் கிடைக்கும் சின்ன வி.எச்.எஃப் டைபோல் (இரு பக்கமும் நீட்டிய கம்பி மட்டும் உள்ள எளிய அன்ரனா) ஒன்றை அதே பைப்பில் கொஞ்சம் கீழே பூட்டி, இரண்டையும் யூ-வி இணைப்பான் என்ற சின்ன டப்பாவால் ஒன்றாக்குங்கள். கோல்டனின் 4.1உம் 7.1உம் கட்டாயம் வேண்டும், வீட்டுக்குத் தெற்கே பெரிய மரங்களும் மறிக்கின்றன என்றால் மட்டும் எட்டு பேக்குப் போங்கள். மிஸிஸாகா, பிராம்ப்டன்காரருக்கு கோபுரம் கிழக்கே, பஃபலோ தென்கிழக்கே. அங்கேயும் நாலு பேதான், இரண்டுக்கும் நடுவே பஃபலோ பக்கம் சரித்து வைத்துப் பரிசோதிக்க வேண்டும்.

இரண்டு திசைக்கும் ஒவ்வொரு அன்ரனா வாங்கி, ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிற்றரைத் தலைகீழாகப் போட்டு ஒரே வயரில் இணைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஒரே பட்டையைப் பிடிக்கும் இரண்டு அன்ரனாக்கள் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். தனித்தனி வயர் இழுத்து, ரிவிக்குப் பின்னால் மாற்றும் சுவிச் வைப்பது நல்லது.

கொண்டோ அடுக்குமாடியில் இருப்பவர்கள் பல்கனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதோடு நிர்வாகத்தின் விதியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். வடக்குப் பார்த்த பல்கனி என்றால் காசு செலவழிக்க முன் யாரிடமாவது இரவல் வாங்கி வைத்துப் பாருங்கள்.

வயரும் அம்பிளிஃபயரும்

வயர் ஆர்.ஜி-6. வெளியில் போவதற்கென்றே வெயில் தாங்கும் கறுப்பு உறை உள்ளதை வாங்குங்கள். 30 மீற்றர் வயரில் 5, 6 டெசிபெல் போய்விடும். மூன்று டெசிபெல் போனால் பலம் பாதி. இரண்டு ரிவிக்குப் பிரிக்கும் ஸ்பிளிற்றர் மூன்றரை டெசிபெல் தின்னும், நாலாகப் பிரிப்பது ஏழு.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் அம்பிளிஃபயர் வாங்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். கோபுரத்துக்கு 18 கிலோமீற்றரில் இருந்துகொண்டு அம்பிளிஃபயர் போடுவது கோயில் ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று காதில் புனல் வைப்பது மாதிரி. பலமான சனல்கள் அம்பிளிஃபயரை மூழ்கடித்து, வந்துகொண்டிருந்தவையும் போய்விடும். என் 60 டொலர் அன்ரனாவில் 5.1 அறுந்து அறுந்து வந்ததற்குக் காரணம் அதுதான், அம்பிளிஃபயரைக் கழற்றிய பிறகுதான் விளங்கியது. முதலில் அம்பிளிஃபயர் இல்லாமல் ஒரு ரிவியோடு நேராக இணைத்துப் பாருங்கள். பஃபலோ அரைகுறையாக வந்து, வயரும் நீளம், ரிவியும் மூன்று நாலு என்றால் மட்டும் குறைந்த பெருக்கம் உள்ளதை வாங்குங்கள். அதை அன்ரனாவுக்குக் கிட்டவே பூட்ட வேண்டும். வயரில் தேய்ந்து வந்த பிறகு ரிவிக்குப் பின்னால் வைத்துப் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். அதற்கு மின்சாரம் வீட்டுக்குள்ளிருந்து அதே வயரில் போகும், ஆகவே மின்சாரம் ஏற்றும் டப்பா ஸ்பிளிற்றருக்கு முன்னால், அன்ரனாப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வயர் முனையைச் சீவும்போது கவனம். நடுச் செப்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு, அதற்கு மேல் தலைமயிர் மாதிரிப் பின்னல் கம்பிகள். அந்தப் பின்னலில் ஒரேயொரு இழை வளைந்து நடுக் கம்பியைத் தொட்டாலும் சனல் ஒன்றும் வராது, கண்ணுக்கும் தெரியாது. பின்னலை முழுவதும் வெளிப்பக்கமாக மடித்துவிட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அமுக்கும் கருவியால் கொனெக்ரரை அமுக்குங்கள். கையால் திருகிப் போடும் வகை மழைக்குத் தாங்காது.

கூரையில் ஏறும் நாள்

காற்றில்லாத, காய்ந்த நாளாகப் பாருங்கள். தனியாக ஏறக்கூடாது. மின்கம்பிகளுக்கு 3 மீற்றருக்குள் ஏணியோ பைப்போ போகக்கூடாது, பைப் சரிந்து விழுந்தாலும் கம்பியில் படாத இடமாக இருக்க வேண்டும். இதில் ஒரு துளி சந்தேகம் இருந்தாலும் ஆளைக் கூப்பிட்டுச் செய்வியுங்கள்.

ஓட்டைப் போட்டுக் கூரையில் முக்காலி நிறுத்துவதைவிட, பக்கச் சுவரின் முக்கோணப் பகுதியில் அல்லது கூரை விளிம்பின் மரச்சட்டத்தில் இரும்புத் தாங்கி பூட்டுவது எனக்குப் பிடிக்கும். கூரை ஒழுகும் பயம் இல்லை. போல்ற் உள்ளேயுள்ள மரத்தில் இறங்க வேண்டும், வெறும் பலகையில் அல்ல. புகைபோக்கியில் பட்டி போட்டுக் கட்டாதீர்கள், பழைய செங்கல் காற்றில் ஆட்டம் காணும். கூரைக்கு அடியில் உள்ள அற்றிக்குள் வைத்தால் பனி, மழை இல்லைதான். ஆனால் கூரை ஓடு ஒரு பங்கைத் தின்றுவிடும், தகடு ஒட்டிய வெப்பத்தடுப்பு இருந்தால் முழுவதையும் தின்றுவிடும். கோபுரத்து எட்டுச் சனலே போதும் என்பவருக்கு அற்றி சரி.

வயர் வீட்டுக்குள் நுழையும் துளைக்கு முன் ஒரு சாண் கீழே தொங்கவிட்டு வளைத்து மேலே எடுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். இதைச் செய்யாத வீட்டில் நீர் வயரைப் பிடித்துக்கொண்டே பேஸ்மென்ற் சுவருக்குள் போனதைப் பார்த்திருக்கிறேன்.

நில இணைப்பை, அதாவது எர்த்தை, விட்டுவிடாதீர்கள். பைப்பிலிருந்து ஒரு தடித்த செப்புக் கம்பியும், வயர் உள்ளே நுழையும் இடத்தில் நில இணைப்புக் கட்டை ஒன்றும் வைத்து, இரண்டையும் வீட்டு மின்சாரத்தின் நில இணைப்போடு சேர்க்க வேண்டும். தோட்டத்தில் தனியாக ஒரு கம்பியை அடித்து அதோடு விட்டுவிடுவது பிழை, அதுவும் வீட்டு நில இணைப்போடு சேர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் மின்வேலைக்காரரைக் கூப்பிடலாம்.

திருப்புவதும் தேடுவதும்

ஊரில் ஒருவர் கூரையில் நின்று திருப்ப, கீழேயிருந்து "வருது, வருது… போச்சு!" என்று கத்துவது ஞாபகம் இருக்கும். அங்கே புள்ளி புள்ளியாகவாவது படம் தெரிந்துகொண்டிருக்கும், கை வைக்க வைக்கத் தெளியும். டிஜிற்றலில் புள்ளி கிடையாது. படம் சுத்தமாக வரும், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக உடைந்து மறைந்துவிடும். ஆகவே படத்தைப் பார்த்துத் திருப்பாமல், ரிவி அமைப்பில் உள்ள சிக்னல் அளவைத் திறந்துவைத்து, கீழே இருப்பவர் போனில் எண்ணைச் சொல்லட்டும். உங்களுக்கு வேண்டியவற்றில் ஆகப் பலவீனமான சனலைத் தெரிவுசெய்து அதற்காகத் திருப்புங்கள். ஒரு தடவைக்கு ஐந்து பாகை, பிறகு பத்து விநாடி பொறுக்க வேண்டும், அந்த எண் மெதுவாகத்தான் நகரும்.

தேடும்போது அன்ரனா என்பதைத் தெரிவுசெய்யுங்கள். கேபிள் என்று இருந்தால் ஒன்றுமே வராது, அன்ரனாவைத் திட்டிக்கொண்டு மறுபடியும் கூரைக்கு ஏறுவீர்கள். இந்தப் பிழைக்காகவே இரண்டு பேர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

9.1 மட்டும் இரவில் விட்டுவிட்டு வந்தால் வீட்டு லைற்றுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மலிவான எல்.ஈ.டி பல்புகள் வி.எச்.எஃப் பட்டையில் இரைச்சல் போடும். எங்கள் வீட்டில் கராஜ் கதவு மோட்டரில் இருந்த பல்ப்தான் குற்றவாளி.

கோடையில், முக்கியமாக ஜூலை, ஓகஸ்ட் இரவுகளில், ஏரியின் மேல் குளிர்ந்த காற்றும் அதற்கு மேல் சூடான காற்றும் படுத்துக்கொள்ளும்போது அலைகள் வளைந்து வெகுதூரம் ஓடும். திடீரென்று ஏரிக்கு அப்பால் உள்ள ரொச்செஸ்ரர் நகரத்து நிலையங்கள் தெரியும், வழக்கமாக வரும் பஃபலோ சனல் ஒன்று காணாமல் போகும். காலை வெயில் ஏறியதும் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். அந்த இரவில் மட்டும் அன்ரனாவைத் தொடாதீர்கள், சனல் தேடலையும் புதிதாக ஓடவிடாதீர்கள். ஓடவிட்டால் இருக்கிற பட்டியல் அழிந்து, மறுநாள் ரொச்செஸ்ரரும் இருக்காது, 7.1உம் இருக்காது.